யாத்விகா கேட்ட பெயர்

வால்தம்ஸ்டோ
9 ஜனவரி 2024

றமணனுக்கு,

கலியாணம் கட்டிய இந்த மூன்று வருடத்தில் உங்கள் பெயரை ஒருநாளும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. "இஞ்சருங்கோ" என்றுதான் கூப்பிட்டேன். இன்றைக்கு உறையின் மேலேயும் எழுதிவிட்டேன், உள்ளேயும் எழுதிவிட்டேன். கோபத்தில்தான் எழுதினேன், தெரிந்துகொள்ளுங்கோ.

போனில் உங்களை பிளாக் பண்ணி ஐந்து நாளாகிறது. எடுத்தால் குரலைத் தாழ்த்தி "கோசி, சாப்பிட்டீரோ?" என்பீங்கள், நான் இளகிப்போவேன். அதனால்தான் கடிதம். பதிலும் கடிதமாகவே வரட்டும். அக்காவுக்குப் போன் எடுத்து என்னைச் சமாதானப்படுத்தச் சொல்ல வேண்டாம்.

பொயிலர் பார்க்க வந்த ஆள் போன வருடத்து சேர்ட்டிபிக்கட்டைக் கேட்டான். உங்கள் அலுமாரியில் இருந்த கறுப்பு பைலை எடுத்தேன். அதற்குள் ஒரு நத்தார் வாழ்த்து மட்டை. பனி விழுந்த மரங்கள், போலந்து முத்திரை, டிசம்பர் மாதத்துச் சீல். உள்ளே ஒரேயொரு சொல்லும் ஒரு பெயரும். சொல்லை போனில் போட்டுப் பார்த்தேன். "காத்திருக்கிறேன்" என்று வந்தது. பெயரைப் போட்டுப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. எங்கள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இருக்கிற அதே ஏழு இங்கிலிஷ் எழுத்து. யாத்விகா.

வயிற்றில் தையலோடு நான் படுத்திருக்க, நீங்கள்தான் பெயர் பதியப் போனீங்கள். "கேட்டை நட்சத்திரம், ய எழுத்து வரவேணும், ஐயரிட்டைக் கேட்டனான், யாத்விகா நல்ல சமஸ்கிருதப் பேர்" என்றீங்கள். இங்கிலிஷில் ஏன் ஜே எழுத்தில் தொடங்குகிறது என்று கேட்டேன். "எண்சாத்திரம் அப்பிடிச் சொல்லுது" என்றீங்கள். நானும் நம்பினேன். எண்சாத்திரம் பார்த்து வைத்த பெயர்களில் எந்த எழுத்து ஏன் நிற்கிறது என்று எங்கள் சனத்தில் ஆர் கேட்கிறார்கள்? மோர்டனில் உங்கள் மாமியின் பேத்திக்கு நாலு ஏ எழுத்து. கிளினிக்கில் "ஜாட்விகா" என்று கூப்பிடும்போதெல்லாம் எழும்பி நின்று "யாத்விகா" என்று திருத்துகிறவள் நான். பதினொரு மாதமாக உங்கள் காதலியின் பெயரை லண்டன் முழுக்கத் திருத்திக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

பிள்ளை இப்போது அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறா. அதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் இருக்கிறது. பெயர் சொல்லாமல் "குஞ்சு", "செல்லம்" என்று சமாளிக்கிறேன்.

அக்கா வீட்டின் சின்ன அறையில் இருக்கிறோம். கட்டிலும் தொட்டிலும் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது, பக்கவாட்டாகத்தான் வெளியே வர வேண்டும். ஞானேஸ்வரன் அத்தான் ஹீட்டரைத் தொட்டுப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். ஊருக்குப் போகலாமென்றால் உங்கள் சம்மதம் இல்லாமல் பிள்ளையைக் கொண்டுபோகக் கூடாதாம். என் விசா ஜூலையில் முடிகிறது, புதுப்பிக்க உங்கள் கையெழுத்து வேண்டும். விசா உங்களோடு, பிள்ளை உங்களோடு, பெயர் ஆரோடோ. எனக்கென்று என்ன இருக்கிறது?

அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வேன்? என் அண்ணை பாலேந்திரா வெளிநாட்டுக்கென்று வெளிக்கிட்டு, போன இடம் தெரியாமல் பதினாலு வருடம். "பாலாவோடை ஒண்டா வெளிக்கிட்ட பிள்ளை, எங்களைக் கைவிடாது" என்று சொல்லித்தான் உங்களுக்கு என்னைக் கட்டித் தந்தா.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். பதிந்து ஒரு வருடத்துக்குள் பெயரை மாற்றலாம் என்று கவுன்சிலில் சொன்னார்கள். மார்ச் பதினான்கு கடைசி நாள். கையெழுத்து வைத்து அனுப்புங்கோ. அவள் ஆர் என்று ஒரு வரி எழுதுங்கோ.

கோசிகா


இல்ஃபோர்ட்
17 ஜனவரி 2024

அன்புள்ள கோசி,

உம்முடைய கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மூன்று தரம் பதில் எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

எனக்கு ஒரு காதலியும் இல்லை. பிள்ளையின் தலையில் கைவைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன். அந்த மட்டையை அனுப்பியவ என் அம்மாவிலும் வயது கூடிய மனுசி. இந்த நாட்டுக்கு வருகிற வழியில் எனக்குச் சாப்பாடு தந்தவ. உருளைக்கிழங்கும் பாலும். அவ்வளவுதான்.

ஐயரிடம் கேட்டுப் பெயர் வைத்தேன் என்பது பாதிப் பொய். கேட்டைக்கு ய என்று அவர் சொன்னது உண்மை. அவர் ய என்றதும் என் மனதில் வேறு எந்தப் பெயரும் வரவில்லை. எண்சாத்திரம் நான் கட்டிய கதை.

ஆனால் அது நல்ல பெயர், கோசி. வாசித்துத் தெரிந்துகொண்டேன். போலந்தில் அறுநூறு வருடத்துக்கு மேல் முந்தி, பத்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்திக்கு இந்தப் பெயர் இருந்தது. அவளுக்கு அரசி என்று இல்லை, அரசன் என்றே முடி சூட்டினார்களாம். சின்ன வயதில் பேசி வைத்திருந்த பெடியனை விட்டுவிட்டு, கண்டிராத வேறு நாட்டு அரசனைக் கட்ட வைத்தார்கள். கோட்டைக் கதவைப் பூட்டியபோது கோடரியை எடுத்துக் கதவை வெட்டப் போனாள் என்று அங்கே ஒரு கதை இருக்கிறது. இப்போது அவளைப் புனிதை என்று கும்பிடுகிறார்கள். பெயர் பழைய ஜெர்மன் சொற்களிலிருந்து வந்தது. முன்பாதிக்கும் சண்டை என்று பொருள், பின்பாதிக்கும் சண்டை என்று பொருள். இதைவிடப் பொருத்தமான பெயர் எங்களைப்போன்றவர்களின் பிள்ளைக்கு உண்டோ?

படிவத்தில் கையெழுத்து வைக்கவில்லை. கொஞ்சம் பொறும். வீட்டுக்கு வந்தீர் என்றால் நேரில் ஒன்று சொல்ல இருக்கிறது. கடிதத்தில் எழுத எனக்கு ஏலாது.

பிள்ளையின் ஒற்றைக் காலுறை வாஷிங் மெசினுக்குள் கிடந்தது. காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். விசாவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நீர் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கையெழுத்தை நான் வைப்பேன்.

றமணன்


வால்தம்ஸ்டோ
26 ஜனவரி 2024

றமணனுக்கு,

ஒரு பொம்பிளை ஆர் என்று கேட்டால் அறுநூறு வருடத்துச் சரித்திரம் எழுதுகிற ஆளை இப்போதுதான் காண்கிறேன். கோடரிக் கதை நல்லாயிருக்கிறது. இந்த அறைக் கதவை வெட்ட எனக்கும் ஒன்று தேவைப்படுகிறது. வெட்டிப்போட்டு எங்கே போகிறது என்பதுதான் தெரியவில்லை.

நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. விசாரித்தேன். இங்கே செவ்வாய்க்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளை விளையாட விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே வேலை செய்கிற ஒருத்தி போலந்துக்காரி. வரவுத் தாளில் பிள்ளையின் பெயரைக் கண்டதும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். தன் பாட்டியின் பெயராம். இந்தப் பெயரில் ஒரு கைக்குழந்தையைத் தன் வாழ்க்கையில் முதல்தரம் காண்கிறாளாம். அவர்களுடைய பெரிய போருக்கு முன்னும் பின்னும் பிறந்த பெண்களுக்குத் தெருவுக்குத் தெரு இந்தப் பெயர் இருந்ததாம். பிறகு மெல்ல மெல்ல விட்டுப்போய், இப்போது வைக்கிறவர்கள் மிகக் குறைவாம். "எங்கட ஊரில இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புறதெல்லாம் நரைச்ச தலைதான்" என்கிற மாதிரி இங்கிலிஷில் சொல்லிச் சிரித்தாள். செல்லமாக யாஜ்யா என்பார்களாம். அப்படிக் கூப்பிட்டாள். பிள்ளையும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தா, இருக்கிற நாலு பல்லோடு.

இன்னொன்றும் சொன்னாள். அங்கே கலண்டரில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாள் இருக்கிறதாம். பெரியவர்களுக்குப் பிறந்தநாளைவிட அந்த நாள்தான் முக்கியமாம். ஆரையும் அழைக்கத் தேவையில்லை, தெரிந்தவர்கள் பூவோடு தாங்களாகவே வந்து நிற்பார்களாம். யாத்விகாவுக்கு ஒக்டோபர் நடுப்பகுதி. போன ஒக்டோபர் பதினைந்தாம் திகதி ஒரு காரணமும் இல்லாமல் வெள்ளைப் பூக்கொத்து வாங்கிவந்து தொட்டிலடியில் வைத்தீங்கள். ஏனென்று கேட்க "சும்மா" என்றீங்கள்.

ஆக, கிழவி என்பது உண்மைதான். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம்தான் வந்தது. ஒரு காதலியென்றால் ஒளித்ததற்குக் காரணம் விளங்கும். உருளைக்கிழங்கு தந்த மனுசியை ஏன் ஒளிக்க வேண்டும்? அவ எதற்காகக் காத்திருக்கிறா? நீங்கள் அவவுக்கு என்ன கொடுக்க வேண்டிக் கிடக்கிறது?

இரண்டு நாளாக உங்களைப் பற்றியே யோசித்தேன். நீங்கள் லிப்டில் ஏறுவதில்லை. அண்டர்கிரவுண்டில் போனால் அரை மணித்தியாலம் என்ற இடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போவீங்கள். குளியலறைக் கதவைப் பூட்டுவதில்லை. நான் ஒருநாள் பகிடிக்கு வெளியே கொளுவியைப் போட, கதவை உடைத்துக்கொண்டு வந்து வியர்த்து நின்றீங்கள். பிறகு மன்னிப்புக் கேட்டீங்கள், காரணம் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் நீங்கள் சொன்னது இதுதான். நீங்களும் அண்ணையும் மொஸ்கோ வரைக்கும் ஒன்றாக வந்தீங்கள், அங்கே களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஆட்களைப் பிரித்துவிட்டான், அதற்குப் பிறகு அண்ணையைக் காணவில்லை. அம்மா அதை வைத்துக்கொண்டுதான் சாத்திரியிடம் போகிறா. உயிரோடு இருக்கிறான், மேற்கே இருக்கிறான் என்று சாத்திரி சொல்வதைக் கேட்டு வருகிறா. படத்துக்கு மாலை போட விடுகிறா இல்லை. அந்தியேட்டிக் கிரியை என்ற சொல்லை வீட்டில் எடுக்க விடுகிறா இல்லை.

ஒரேயொரு கேள்வி. சரித்திரம் வேண்டாம். அந்த மனுசியின் வீட்டில் நீங்கள் தனியவோ இருந்தனீங்கள்?

கோசிகா


இல்ஃபோர்ட்
6 பெப்ரவரி 2024

கோசி,

இல்லை. தனிய இல்லை. பாலாவும் இருந்தான்.

இன்றைக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைக்கு ஆறாம் திகதி. 2010ஆம் ஆண்டு இதே நாளில் உம்முடைய அண்ணை அந்த வீட்டில் செத்துப்போனான். இதை எழுத எனக்குப் பதினாலு வருடம் எடுத்திருக்கிறது. இந்த வரியை எழுதிவிட்டு வாசலில் போய் நின்றுவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

மொஸ்கோவில் எங்களைப் பிரிக்கவில்லை. அது நான் சொன்ன பொய். ஒன்பது பேரை ஒரு பெட்டி வானில் ஏற்றி, முன்னால் தளபாடங்களை அடுக்கி, வெளியே பூட்டுப் போட்டார்கள். போலந்துக்குள் வந்ததும் சாரதி எங்கேயோ றோட்டோரமாக நிற்பாட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டான். ஒரு இரவும் ஒரு பகலும் இன்னொரு இரவும் உள்ளே இருந்தோம். கதவில் அடித்தடித்துக் கை வீங்கிவிட்டது. பாலாவின் சப்பாத்து நனைந்திருந்தது. கால் விறைத்து, பிறகு நிறம் மாறியது. "மச்சான், காலிருக்கிறது தெரியேல்லையடா" என்று சொல்லிச் சிரித்தான்.

காலையில் ஒரு சத்தம். ஆரோ கோடரியால் பூட்டை அடிக்கிற சத்தம். கதவு திறந்தது. தலையில் துணி கட்டிய ஒரு மனுசி, கையில் கோடரியோடு. அவதான் யாத்விகா. அந்த அரசியின் கதையை நான் ஏன் எழுதினேன் என்று இப்போது உமக்கு விளங்கும்.

மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். பாலாவால் நடக்க ஏலாது. நாங்கள் இருவரும் அவவின் வீட்டில் நாலு நாள் இருந்தோம். அடுப்புக்குப் பக்கத்தில் அவனைக் கிடத்தி, காலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தா. இரண்டாம் நாள் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. மூச்சு இழுத்தது. அவ கோட்டை மாட்டிக்கொண்டு டொக்டரைக் கூப்பிட வெளிக்கிட்டா. கோசி, நான் அவவின் காலைப் பிடித்து மறித்தேன். டொக்டர் வந்தால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் திருப்பி அனுப்புவான், அனுப்பினால் கொழும்பில் என்ன நடக்குமென்று அப்போது எங்களுக்குத் தெரியும். அழுதேன். அவ கோட்டைக் கழற்றினா. இதுதான் நான் செய்தது. மிச்சமெல்லாம் இதற்குப் பிறகு வந்தவை.

நாலாம் நாள் ஏஜென்சிக்காரன் போனில் சொன்னான், பஸ் தரிப்பில் வான் நிற்கும், நடக்க ஏலாதவனை ஏற்ற மாட்டோம் என்று. பாலாவிடம் "நாளைக்கு வாறன் மச்சான், ஆளோடை வாறன்" என்றேன். "ஓம், போட்டு வா" என்றான். நான் வர மாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

வாசல் படலையடியில் அந்த மனுசி என்னை மறித்தா. தன் நெஞ்சைத் தொட்டு "யாத்விகா" என்றா. பிறகு வீட்டுப் பக்கம், அவன் கிடந்த அறையைக் காட்டினா. அவன் பெயரைக் கேட்கிறா. வெளிக்கிட்ட முதல் நாளே எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம், ஆரிடமும் சொந்தப் பெயர் சொல்லாதே, ஒருத்தன் பெயர் வெளியே வந்தால் எல்லோரும் பிடிபடுவோம் என்று. எங்கள் கையில் இருந்ததும் ஆரோ இருவரின் கடவுச்சீட்டு. நான் தலையை ஆட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனேன். அவ விலாசம் எழுதிய துண்டை என் பொக்கற்றில் வைத்தா, பாணோடு.

இங்கே வதிவிட அனுமதிக் கார்ட் கிடைத்த பிறகு, 2013இல், அந்த விலாசத்துக்கு எழுதினேன். ஊரில் இங்கிலிஷ் படித்த பிள்ளை ஒன்றைக் கொண்டு பதில் எழுதுவித்தா. நான் போன அன்றைக்கே டொக்டரைக் கூப்பிட்டாவாம். நேரம் பிந்திவிட்டது என்றாராம். அதற்குப் பிறகும் இரண்டு நாள் கிடந்தானாம். கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாவாம். பொலிஸ் கேட்டதற்குப் பெயர் தெரியாது என்று சொல்லியிருக்கிறா. ஊர்ச் சவக்காலையில், தன் புருசனுக்குப் பக்கத்தில் தனக்கென்று வைத்திருந்த இடத்தில் அவனைப் புதைத்தாவாம். சிலுவையில் என்.என். என்று இரண்டு இங்கிலிஷ் எழுத்து. பெயர் தெரியாதவர்களுக்கு அங்கே அப்படித்தான் போடுவார்களாம். கடைசி வரியில் கேட்டிருந்தா, அவனுடைய பெயர் என்ன?

நான் பதில் போடவில்லை. நேரே பிளேனில் வந்தேன் என்று இங்கே அகதி விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன், அந்தப் பொய் பிடிபடும் என்று பயம். பிறகு அந்தப் பயம் போய்விட்டது. அதற்குள் உம்முடைய அம்மா என் நம்பரைத் தேடி எடுத்தா. "தம்பி, அவனைக் கடைசியாக் கண்டது நீர்தானே" என்று கேட்டா. மொஸ்கோ என்று வாயில் வந்தது. வந்த பிறகு அதை விழுங்க முடியவில்லை. மாதாமாதம் எடுத்தா. மகனைப் போல ஆக்கினா. உம்மையும் தந்தா. அந்த வானுக்குள் இரண்டு இரவுதான். இந்தப் பொய்க்குள் பத்து வருடம் இருந்துவிட்டேன், பூட்டு என் பக்கம்தான் இருந்தது.

ஒவ்வொரு வருடமும் ஒரு மட்டை வரும். "காத்திருக்கிறேன்" என்று மட்டும். அவவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. நான் கொடுக்க வேண்டியது ஒரு பெயர். அதைக் கொடுக்கத் துணிவில்லாமல் அவவுடைய பெயரைக் கொண்டுவந்து பிள்ளைக்கு வைத்தேன். நாளுக்கு நூறு தரம் கூப்பிட்டால் ஒருநாள் வாய் திறக்கும் என்று நினைத்தேன். கூப்பிடக் கூப்பிடப் பழகிப்போய்விட்டது, கோசி. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

படிவத்தில் கையெழுத்து வைத்திருக்கிறேன். விலாசமும் இதற்குள் இருக்கிறது.

றமணன்


வால்தம்ஸ்டோ
24 பெப்ரவரி 2024

றமணனுக்கு,

பதினெட்டு நாள் எழுதவில்லை. கடிதத்தை அக்காவிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய்த் தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டு அழுதா. பிள்ளையின் முதல் பிறந்தநாளும் இந்தப் பதினெட்டு நாளுக்குள்தான் வந்து போனது. ஞானேஸ்வரன் அத்தான் கேக் வாங்கிவந்தார். அதில் என்ன பெயர் எழுதுவது என்று கடையில் நின்று போன் எடுத்துக் கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன். வெறும் கேக்தான் வந்தது.

உங்களை நான் வெறுக்கிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது. டொக்டரை மறித்ததற்குக்கூட இல்லை. அப்போது உங்களுக்கு இருபத்திரண்டு வயது, பயம். அம்மா மாதாமாதம் போன் எடுத்தபோது உங்களுக்கு முப்பது வயது. அம்மா உங்களுக்குப் பருத்தித்துறை வடையும் எள்ளுப்பாகும் பார்சல் அனுப்பினா. நீங்கள் சாப்பிட்டீங்கள். அதை என்னால் மறக்க ஏலாது.

படிவம் வந்தது. உங்கள் கையெழுத்துச் சரியாகத்தான் இருக்கிறது. கவுன்சிலுக்கு அதை நான் கொடுக்கவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மேசையில் இருந்து, அங்கே கல்லு வெட்டுகிறவன் பிழை விடக் கூடாது என்று பெரிய இங்கிலிஷ் எழுத்தில், ஒவ்வொன்றாக, அண்ணையின் முழுப் பெயரை எழுதினேன். பாலேந்திரா சிவக்கொழுந்து. பிறந்த திகதி, பிறந்த ஊர் கொக்குவில், அம்மாவின் பெயர் நகுலேஸ்வரி. கீழே அந்த மனுசிக்கு, நான் அவன் தங்கச்சி, உங்களுக்கென்று வைத்திருந்த இடத்தை என் அண்ணைக்குத் தந்தீங்கள், உங்கள் பெயர் என் மகளிடம் இருக்கிறது என்று எழுதினேன். விளையாட்டு இடத்துப் போலந்துக்காரி அதைப் போலந்து மொழியில் எழுதித் தந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினாள். நேற்றுத் தபாலில் போட்டுவிட்டேன்.

தபாற்கந்தோரிலிருந்து திரும்பி வர, பிள்ளை கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றா. ஏழு கிழமைக்குப் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தா. அந்தப் பெயர் பிள்ளையுடையது, நானும் நீங்களும் இனி அதைத் தொட வேண்டாம்.

நான் வீட்டுக்கு வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். வருவேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாது. ஜூலை வந்தால் விசாப் படிவத்தோடு உங்கள் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும், அது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அதை ஜூலையில் பார்ப்போம்.

இப்போது ஒரு வேலை இருக்கிறது. வருகிற சனிக்கிழமை இங்கே வாங்கோ. என்னைப் பார்க்க இல்லை. பத்து மணிக்கு, ஊரில் பின்னேரம் மூன்றரைக்கு, அம்மா கோயிலால் வந்து போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருப்பா. அக்கா சொல்ல மாட்டா, நானும் சொல்ல மாட்டேன். நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருப்போம், கதவைத் திறந்தே வைப்போம். அண்ணையிடம் நாளைக்கு வாறன் என்று சொல்லிப்போட்டு வராமல் விட்டமாதிரி விட வேண்டாம்.

என்னுடைய நம்பரிலிருந்து எடுக்க வேண்டாம், உங்களுடையதிலிருந்தும் வேண்டாம். அத்தானின் புது போனிலிருந்து எடுங்கோ. தெரியாத நம்பர் என்றால் அம்மா முதல் அடியிலேயே எடுப்பா, பதினாலு வருடமாக அப்படித்தான். "ஆர், பாலாவோ?" என்று கேட்பா.

அதற்குப் பதில் சொல்லுங்கோ.

கோசிகா